மூன்று முறை கூப்பிட்டார்கள்

என் பெயரில் ஒரு வாரண்ட் இருப்பதை எனக்குச் சொன்னவர் ஒரு போலீஸ்காரர். பிடிக்க வந்து சொல்லவில்லை. நானே அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

அப்போது ஆலுவாவில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் இருந்தேன். அதற்கு முன் திருப்பூர், ராமேஸ்வரம், சூரத், மங்களூர். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதன் பிறகு ஓர் ஊரில் மூன்று வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. கடல் தாண்டியதில்லை என்ற ஒரு குறை மட்டும் இருந்தது. கத்தாரில் தொழிலாளர் முகாம் ஒன்றில் சமையல்கூட வேலை வந்தது. மாதம் முடிவதற்குள் போலீஸ் நற்சான்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று ஏஜென்ட் சொன்னார். பாஸ்போர்ட் கையில் இருந்தது. சான்று மட்டும்தான் பாக்கி.

ஸ்டேஷனில் அந்தப் போலீஸ்காரர் கணினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி கணினியைப் பார்த்தார்.

"நிங்ஙள் மட்டாஞ்சேரியில பணி எடுத்ததுண்டோ?"

"உண்டு சாரே. ரொம்ப முந்தி."

"உங்க பேருல ஒரு எல்.பி. கிடக்குது."

எல்.பி. என்றால் ஆள் கிடைக்காமல் நாள்பட்டுப் போன வாரண்ட் என்று அவரே விளக்கினார். லாரி டிரைவரோடு தெருவில் கைகலப்பு, வழிமறிப்பு. சின்னக் கேஸ்தான். ஒரு தடவை கோர்ட்டுக்கு வந்து ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஆள், அதோடு காணாமல் போய்விட்டான். என் பெயர், அப்பா பெயர், ஊர், வயது எல்லாம் சரியாக இருந்தன. தேதி மட்டும் இடித்தது. அந்த மாதம் நான் ராமேஸ்வரத்தில் ஓர் இறால் கம்பெனியின் கொட்டகையில் அம்மை கண்டு வேப்பிலைமேல் படுத்திருந்தேன். அதை மறக்க முடியாது, தழும்பு இன்னும் முகத்தில் இருக்கிறது.

"அது நான் இல்ல சாரே."

"எல்லாரும் அதுதான் சொல்லும்," என்றார், கோபமில்லாமல். "இன்னைக்கே பிடிச்சு உள்ள இருத்தலாம். எனக்கு ஊணு சமயம். நீ ஒரு வக்கீலைக் கூட்டிட்டு நேரே கோர்ட்டில போய் நில்லு. வாரண்டைத் திரும்ப எடுத்தா சான்று தானா வரும்."

வக்கீல் ஒருவரை ஹோட்டல் முதலாளி சொன்னார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், வயது முப்பது இருக்கும். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்ட வராது. கோர்ட்டில் கோப்பைப் பார்க்க மனுப் போட்டு, இரண்டு நாளில் ஜாமீன் பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்து காட்டினார்.

"இதோ பாருங்கோ. இது உங்க கையெழுத்துத்தானே?"

பார்த்தேன். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, கடைசி எழுத்தின் வாலை அடியில் பின்னோக்கி இழுத்து, வாலின் நுனியை மேலே சுழித்திருந்தது. அப்படித்தான் நான் போடுவேன். இன்றைக்கும்.

"கையெழுத்து என்னுதுதான். ஆனா நான் போடல."

"இந்த பதிலை மாத்திரம் கோர்ட்டுல சொல்லிடாதீங்கோ," என்றார். சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது.

மட்டாஞ்சேரியில், கொச்சங்காடி என்ற இடத்தில் ஒரு சுக்குக் கிடங்கு. இஞ்சியைச் சுண்ணாம்பு நீரில் முக்கிக் காயவைத்து வெள்ளையாக்குவார்கள். மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பத்து மணிக்குள் எல்லோரும் வெள்ளையாகிவிடுவோம். தலை, புருவம், இமை எல்லாம் சுண்ணாம்பு. கண்ணும் வாயும் மட்டும் ஓட்டை மாதிரித் தெரியும். குனிந்து வருகிறவன் யாரென்று சுமக்கிற மூட்டையின் கணக்கில்தான் சொல்ல முடியும்.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. சுமைகாரர்களின் தலைவரை மூப்பன் என்பார்கள். அவருடைய பெயர்ப்பட்டியலில் இருபத்திரண்டு வரி. ஒரு வரியை அடித்துப் புதிய பெயர் எழுத வேண்டுமானால் முதலாளி, சங்கம், அலுவலகம் என்று மூன்று இடத்தில் சம்மதம் வாங்க வேண்டும்; வாங்குவதற்குள் அந்த இடத்தை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். அதனால் எங்கள் ஆட்கள் வரியை அடிக்க விடுவதில்லை. ஒருவன் ஊருக்குப் போனால், வருகிறவன் அவனுடைய பாய், மூட்டைக் கொக்கி, பெயர் மூன்றையும் எடுத்துக்கொள்வான். காலையில் மூப்பன் பட்டியலை வாசிப்பார். நம் வரி வரும்போது "உண்டு" என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நாளில் தெருவிலும் சாயாக்கடையிலும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள். அதில் ஏமாற்று என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. போலீஸ் பிடித்தாலும் வாயில் அந்தப் பெயர்தான் வரும்.

நான் போனபோது எனக்கு ஒரு பெயர் கொடுத்தார்கள். முந்தைய ஆள் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை சம்பளக் காகிதத்தில் கையெழுத்து மாறினால் அலுவலகத்தில் கேட்பார்கள் என்று மூப்பன் சிமெண்டுப் பையைக் கிழித்துக் கொடுத்து, இரண்டு நாள் என்னை எழுதவைத்தார்.

"நீ எழுதறது உன் கையெழுத்து. எனக்கு அவன் கையெழுத்து வேணும்."

அவன் கையெழுத்தில் கடைசி எழுத்தின் வால் அடியில் பின்னோக்கிப் போய் மேலே சுழியும். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. பின்னால் என் சொந்தப் பெயருக்கும் அதே வாலைப் போட ஆரம்பித்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு வரி முறையாகக் காலியாகி என் சொந்தப் பெயர் பட்டியலில் ஏறியது. மூன்று மாதம் அந்த வரியில் இருந்துவிட்டு ராமேஸ்வரம் போனேன். போகும்போது பாய், கொக்கி, பெயர், வாக்காளர் அட்டை நகல் எல்லாம் அங்கேயே இருந்தன. நான் சிமெண்டுப் பையில் பழகியதுபோல், எனக்குப் பின்னால் வந்தவன் என் வாலைப் பழகியிருக்கிறான்.

ஒரு வெள்ளிக்கிழமை கொச்சங்காடிக்குப் போனேன். கிடங்கு இப்போது வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடிக்கும் இடம். சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டாமல் அழகுக்கு விட்டிருக்கிறார்கள். மூப்பன் எதிர்ச் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தார். கிழவர். கண் பாதிதான் தெரிகிறது. நான் பெயர் சொன்னதும், "நீ போயிட்டுத் திரும்ப வந்து ரெண்டு வருஷம் நின்னல்லோ?" என்றார்.

"அது நான் இல்ல மூப்பா."

"ஆ. சரி. அது உன் பேருகாரன். உன்னைக்காட்டி நல்லா சுமப்பான். நீ ஒரு மடியன்."

"அவன் இப்ப எங்க?"

"நீ எங்க போனேன்னு எனக்குத் தெரியுமோ? அதுபோலத்தான்."

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு, இத்தனை வருடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். எனக்கு முன்னால் அந்தப் பாயில் படுத்தவர் எந்த ஊருக்குப் போனார்?

மூப்பன் சாயாவைக் கீழே வைத்தார்.

"அவன் ஊருக்கொண்ணும் போகலை. ஞாயிறு உச்சைக்குப் படகு ஜெட்டியில குளிக்கப் போனான். படியில துணி இருந்தது, சோப்பு இருந்தது. ஆள் இல்ல. நாங்க மூணு நாள் தோணியில தேடினோம். புதுசா வந்த உனக்குப் பயம் வேண்டாமேன்னு ஊருக்குப் போயிட்டான்னு சொன்னது."

"போலீஸ்ல சொல்லலையா?"

"எப்படிச் சொல்ல? நாலாம் நாள் நீ வந்துட்டே. காலையில பேரு வாசிச்சா 'உண்டு'ன்னு சொல்றே. பேரு தினம் பணிக்கு வருது, கூலி வாங்குது. ஆளைக் காணோம்னு எந்த ஸ்டேஷன்ல போய்ச் சொல்றது?"

இரண்டு வருடம் அந்தப் பாயில் படுத்திருக்கிறேன். சோப்புக்கூட அவருடையது; அதை எனக்குக் கொடுத்தார்கள், தேய்த்துத் தீர்த்தேன்.

அடுத்த வாரம் சின்னக் கேஸ்களையெல்லாம் ஒரே நாளில் தீர்க்கும் சிறப்பு அமர்வு இருந்தது. என் கேஸையும் அதில் சேர்த்திருந்தார்கள். வக்கீல் இரண்டு வழி சொன்னார்.

"நான் அவனில்லைன்னு கேஸ் நடத்தினா ரெண்டு வருஷமாக்கும். உங்க கையெழுத்துவேற அப்படியே இருக்கு. ஒத்துண்டா சின்ன அபராதம், கோர்ட் கலையறவரை உள்ளேயே உட்காரணும். அதுதான் தண்டனை. வாரண்ட் அன்னைக்கே போயிடும். சான்று வந்துடும். என்ன பண்ணட்டும்?"

"ஒத்துக்கிறேன்."

"நிஜமாவே நீங்க இல்லையா?" என்று கேட்டுவிட்டு, "வேண்டாம், சொல்லாதீங்கோ," என்றார்.

கோர்ட் வராந்தாவில் பட்டியல் ஒட்டியிருந்தது. மலையாளத்தில். கடைப் பலகைகளில் படித்த மலையாளம் எனக்கு அந்த அளவுக்கு வரும். விரலை வைத்து இறங்கினேன். என் பெயர் இருந்தது. விரலை எடுத்திருக்கலாம். சும்மா கீழே இறங்கியது. ஆறு வரி தள்ளி, ஜெட்டியில் காணாமல் போனவரின் பெயர்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறந்தே போயிருந்தேன். அந்தப் பெயரில் இருந்தபோது ஜெட்டியில் சீட்டாடி நான்கு பேர் பிடிபட்டோம். மூப்பன் வந்து ஜாமீனில் எடுத்தார். ஒரு தடவை கோர்ட்டுக்குப் போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன், அவர் கையெழுத்தை. அடுத்த வாய்தாவுக்குப் போகவில்லை. தண்ணீரோடு போன மனிதருக்கு நான் ஒரு வாரண்ட் வாங்கிக் கொடுத்திருந்தேன். அது இன்னும் உயிரோடு இருந்தது.

"தம்பி, தமிழா? இதுல இந்தப் பேரு இருக்கா பாரு."

பக்கத்தில் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தேனிப் பக்கத்துப் பேச்சு. கையில் ஒரு நோட்டீஸ். என் விரல் எங்கே நின்றதோ அதே பெயர் அதில் இருந்தது.

"இருக்குக்கா," என்றேன்.

"இருக்கும். ஒவ்வொரு தடவையும் இருக்கத்தான் செய்யுது. கூப்பிடத்தான் செய்யுறாங்க. மனுசன்தான் வரமாட்டேங்குறாரு."

அவர் புருஷன் கொச்சிக்கு வேலைக்கு வந்து, ஒரு நாள் போன் நின்றுபோயிற்று. செத்திருப்பார் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். பொட்டை அழிக்கக்கூடச் சொன்னார்கள். பிறகு ஒரு வருடம் கழித்து இந்த ஊர்ப் போலீஸ் வாரண்டோடு வந்து, புருஷன் எங்கே என்று கேட்டது.

"அன்னைக்கு நான் அழுத அழுகை, போலீஸ்காரரே பயந்துட்டாரு. சந்தோசத்துல அழுறேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தார். ஜாமீன் பத்திரத்தின் நகல். கோர்ட்டில் எழுதிக் கொடுத்து வாங்கினாராம்.

"இந்தா பாரு. அவரு கையெழுத்து. இந்த வால அவரு மட்டும்தான் இப்படிச் சுழிப்பாரு. எங்க கல்யாண நோட்டுல இதே வாலுதான். என் மச்சினன் சொல்றான், எவளையோ சேத்துக்கிட்டாருன்னு. சேத்துக்கட்டும். இருக்காருல்ல."

நான் அதைத் தொடவில்லை. வக்கீல் கையசைத்தார். உள்ளே போனேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். குற்றத்தைச் சம்மதிக்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சம்மதித்தேன். அபராதம், கோர்ட் கலையும்வரை இருப்பு. வாரண்டைத் திரும்பப் பெறும் உத்தரவைக் கிளார்க் எழுத ஆரம்பித்தார். சுவரோரம் ஒரு பெஞ்சில் என்னை உட்காரவைத்தார்கள். சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கத்தார். அவ்வளவுதான் வேலை.

சின்ன வயதில் அம்மா சொல்வாள், வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்கும் இரண்டாம் குரலுக்கும் பதில் சொல்லாதே, மனிதன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான், மற்றது மூன்றாவது தடவை கூப்பிடாது என்று. கோர்ட்டில் எல்லாப் பெயரையும் மூன்று தடவை கூப்பிடுகிறார்கள். டவாலி வாசலில் நின்று வராந்தாவைப் பார்த்துக் கத்துகிறார். ஆள் இருந்தால் ஓடி வருகிறான். இல்லாவிட்டால் கிளார்க் கோப்பை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வைக்கிறார்.

ஐந்து பெயர்கள் போயின. ஆறாவதாக அவர் பெயர்.

முதல் தடவை. வாசலுக்கு வெளியே அந்த அக்கா எழுந்து நிற்பது தெரிந்தது. வாசலைப் பார்க்கவில்லை. வராந்தாவில் நிற்கும் ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எங்கள் மூப்பன் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

இரண்டாவது தடவை. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை.

"உண்டு," என்றேன்.

சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்துச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. இரண்டு வருடம் தினமும் காலையில் சொன்ன வாய் அது. சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது. எழுந்தும் நின்றிருந்தேன்.

கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ இப்பத்தானே வேறொரு பேருல சம்மதிச்சே?"

வக்கீல் என் பக்கம் வந்து, "உட்காருங்கோ, உட்காருங்கோ," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மாஜிஸ்திரேட் பேனாவை வைத்தார். இதில் நீ யார் என்று கேட்டார்.

"அந்தக் கேஸ்ல பேரு என்னுது சார், ஆள் நான் இல்ல. இந்தக் கேஸ்ல ஆள் நான்தான் சார், பேரு என்னுது இல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. வக்கீல் மொழிபெயர்க்க, கிடங்கையும் பட்டியலையும் பாயையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டிருந்த உத்தரவு கையெழுத்தாகாமல் நின்றது. இரண்டு கோப்பையும் சேர்த்துக் கட்டி, ஸ்டேஷனிலிருந்து அறிக்கை கேட்டார். சொந்த ஜாமீனில் போகலாம் என்றார். அந்தப் பத்திரத்தில் என் பெயரை எழுதும்போது வாலைப் போடாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

இரண்டும் முடிய ஒன்றரை வருடம் ஆயிற்று. மூப்பனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து சாட்சி சொல்லவைத்தோம். நான் சுமந்த இரண்டு வருடத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, அந்த அக்காவின் புருஷனைக் காணவில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியில் பதிவு செய்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெரிய அபராதம். கத்தார் வேலைக்கு அந்த மாதமே வேறொருவர் போய்விட்டார். வக்கீல் என்னிடம் ஃபீஸ் வாங்கவில்லை. திட்டு நிறைய வாங்கினேன்.

ஆனால் அன்று சாயங்காலம்.

கோர்ட் கலைந்ததும் வெளியே வந்தேன். அந்த அக்கா வராந்தாவின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். மலையாளத்தில் நடந்தது அவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது. அந்தப் பெயருக்கு நான் பதில் சொன்னதை மட்டும் பார்த்திருந்தார். ஓடிவந்து சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் இடம் காட்டினார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படியில் இருந்த துணி, சோப்பு, மூன்று நாள் தோணி.

"எந்த மாசம்?"

சொன்னேன். விரல்விட்டு எண்ணினார். முடிக்காமல் நிறுத்திவிட்டார்.

"பொய்," என்றார். "இது அவரு கையெழுத்து. எனக்குத் தெரியாதா?" உறை போட்ட காகிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அடுத்த வாய்தாத் தேதி எழுதிய சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி முழங்காலில் வைத்து, வக்கீல் கொடுத்த பேனாவால் அவர் புருஷன் பெயரை எழுதினேன். வருடங்கள் ஆகியிருந்தன. கை யோசிக்கவே இல்லை. முதல் எழுத்து, நடு எழுத்துகள், கடைசி எழுத்தின் வால் அடியில் பின்னோக்கிப் போய் மேலே சுழிந்தது.

அவர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இன்னொரு தடவை போடு தம்பி. மெதுவா."

போட்டேன்.